துத்தம் போடாத பசை

ராக்கப்பன் எந்த வேலையையும் உருப்படியாக முடித்தான் என்று ஆமத்தூரில் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். உடைக்கிற வேலையில் மட்டும் அவனைக் குறை சொல்ல வழியில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவன் கைவரிசை படாத இடம் கிடையாது. முன்னறைச் சுவரில் அம்மிக் குழவி பறந்துபோய் விழுந்த குழி. அடுப்படி நிலைக்குப் பக்கத்தில் அவன் பெண்டாட்டி இசைவாணியின் மண்டை மோதி, எத்தனை தடவை தேய்த்தும் போகாத பழுப்புக் கறை. ஜன்னலை ஒட்டி அரிவாள் இழுத்த கீறல்கள். அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கலர் டிவி ஒரு மாதம்கூட ஓடவில்லை. அதன் முகத்தையும் ஒரு மிதியில் உடைத்து முடித்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே உள்ளறைக் கதவு. ஒருநாள் அவள் உள்ளே ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள் என்பதற்காக விறகு பிளக்கிற கோடரியை எடுத்து வந்து கதவைக் கொத்தினான். தேக்குக் கதவு, பிளக்கவில்லை. வெளியே அவன் கொத்தக் கொத்த, உள்ளே அவள் கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு கொத்தும் அவள் முதுகெலும்பில் வந்து இறங்கியது. கடைசியில் அவனுக்குக் கை வலித்து, கோடரியை முற்றத்தில் எறிந்துவிட்டுக் குடிக்கப் போனான். அவள் மறுநாள் வரை கதவைத் திறக்கவில்லை.

வீடாவது அவன் சம்பாதித்ததா என்றால் அதுவும் இல்லை. இசைவாணியின் அம்மா பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற அறையில் வேலை பார்த்தவள். ஒரு மாசி மாதம் மத்தியானம் அந்த அறை வெடித்து எழும்பிப்போனது. அடையாளம் காட்டச் சொல்லி மகளைக் கூட்டிப்போனவர்கள் அவள் கையில் ஒரு கால் கொலுசைக் கொடுத்தார்கள். நஷ்டஈடாக வந்ததைக் கொண்டு மகள் பேரில் எழுப்பியதுதான் அந்த இரண்டறைத் தளம் போட்ட வீடு. அம்மாவின் உடம்புதான் செங்கல்லாக நிற்கிறது என்று இசைவாணி நினைப்பாள். அதற்குள் வைத்தே அவளை ஒருவன் அடித்துக்கொண்டிருந்தான்.

வீட்டைப் போட்டுவிட்டு எங்கேயாவது போய்ப் பிழைத்துக்கொள் என்று புத்தி சொன்னவர்கள் உண்டு. போட்டது போட்டபடி போனால் அம்மாவின் வீட்டில் அவன் காலை நீட்டிப் படுப்பான். அதற்கு அவள் மனம் ஒப்பவில்லை. வீட்டை விற்க வேண்டும், கிரயத்தைக் கையில் வாங்க வேண்டும், நாயைக் கூட்டிக்கொண்டு சாத்தூருக்குப் போய்விட வேண்டும். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற ரோஜா என்ற கூட்டாளி அங்கே ஒரு வாடகை வீடு பார்த்து வைத்திருந்தாள். வீட்டுக்காரர் நாய்க்கும் சரி சொல்லிவிட்டார் என்று சொன்னாள். இசைவாணிக்கு அந்தக் கடைசிச் செய்திதான் பெரிதாகப் பட்டது.

நாயின் பெயர் ஜமீன். சொத்து என்று பார்த்தால் ஒரு வாலும் ஒன்றரைக் காதும்தான். மீதி அரைக் காதை ராக்கப்பன் அரிவாளால் சீவிவிட்டான். இசைவாணியின் கொண்டையைப் பிடித்து அவன் தெருவில் இழுத்தபோது அவன் வேட்டியைக் கவ்வியதற்கு அந்தத் தண்டனை. அன்றிலிருந்து அவன் செருப்புச் சத்தம் கேட்டாலே ஜமீன் கட்டிலுக்கடியில் போய் மூத்திரம் பெய்துவிடும். அதைப் பார்த்து ராக்கப்பன் விழுந்து விழுந்து சிரிப்பான். ஊரில் ஒருவனும் தன்னைக் கண்டு பயப்படுவதில்லை என்ற குறையை அவன் ஒரு பெண்ணையும் ஒரு நாயையும் வைத்துத் தீர்த்துக்கொண்டிருந்தான்.

புரட்டாசி பிறந்ததும் தீபாவளிப் பட்டாசுச் சீசன் சூடுபிடித்தது. லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற லாரி ஒன்றில் ராக்கப்பன் சுமை இறக்குகிற ஆளாகப் போய்ச் சேர்ந்தான். எப்படியும் அமாவாசைக்கு முன்னால் திரும்ப மாட்டான். அதற்குள் வீட்டைக் கைமாற்றிவிட வேண்டும் என்று இசைவாணி புரோக்கர் சங்கையாவிடம் சொல்லி வைத்தாள். சங்கையா சும்மா சொல்லக்கூடாது, அந்த வாரத்திலேயே இரண்டு பேரைக் கூட்டி வந்தார். இரண்டு பேருமே சுவரைப் பார்த்தார்கள், கதவைப் பார்த்தார்கள், சங்கையாவைப் பார்த்தார்கள். கொடுத்த தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போனார்கள்.

அவளுக்கு அவமானமாக இருந்தது. பெண்பிள்ளை அடிபட்ட வீடு, அது கதவிலேயே எழுதியிருக்கிறது, எவன் வந்து குடியிருப்பான் என்று தனக்குள் புழுங்கினாள். சங்கையா வேறுமாதிரி ஆள். எதையும் மூடி மறைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்.

“பொண்ணு பாக்க வாரவுகளுக்கு ஜோடிச்சு உக்கார வைக்கோமில்ல, அது மாதிரி வீட்டையும் ஜோடிச்சு வையி தாயி. பணத்தைக் கொட்டாத. கைக்கு எட்டுனத வச்சுச் செய்யி. புருசங்காரன் பேச்சை மட்டும் எடுக்காத” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் கைக்கு எட்டியது சுண்ணாம்பு. கிளிஞ்சல் வாங்கி வந்து தானே நீற்றி, கொஞ்சம் நீலம் கலந்து, தென்னம்மட்டையை நசுக்கிப் பிரஷ் ஆக்கிக்கொண்டாள். ஈரச் சுண்ணாம்பு நாயின் பாதத்தையும் நாக்கையும் வேகவைத்துவிடும். அதனால் சுவர் காய்கிற வரைக்கும் ஜமீனை வெளியே வேப்பமரத்தில் கட்டிப்போட்டாள். அது என்னவோ தன்னை விற்கப்போகிறார்கள் என்பது மாதிரி அழுதுகொண்டே கிடந்தது. வெள்ளை அடித்து முடித்ததும் வீடு பளிச்சென்று ஆனது. ஆனால் அந்தப் பளிச்சில் குழிகளும் கீறல்களும் முன்னைவிட நன்றாகத் தெரிந்தன. பழுப்புக் கறை இரண்டு பூச்சையும் தாண்டி மேலே வந்து நின்றது.

பக்கத்து வீட்டு இருளம்மாள் யோசனை சொல்ல வந்தாள். நல்லவள்தான். இந்தப் பக்கம் அடி விழுகிற சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பாள், அவ்வளவுதான். வாசலுக்கு இரண்டு பக்கமும் அரளித் தொட்டி வைத்தால் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம், கொத்துக்கொத்தாகப் பூக்கும் என்றாள். அரளி இலையைத் தின்று வாயில் நுரை தள்ளிச் செத்த ஆட்டை இசைவாணி பார்த்திருக்கிறாள். வேண்டாம் என்று செம்பருத்திக் கம்பும் துளசியும் ஊன்றினாள். தரைக்குப் பினாயில் ஊற்றிக் கழுவச் சொன்னாள் இருளம்மாள். ஜமீன் தரையை நக்குகிற நாய் என்று இவள் வேப்பிலையைக் கொதிக்க வைத்துக் கழுவினாள். பீரோவுக்கு அந்துருண்டை, வாசலுக்குக் கலர்க் கோலப்பொடி என்று இருளம்மாள் அடுக்கிக்கொண்டே போனாள். இவள் நொச்சிக் கொத்தைப் பீரோவில் போட்டு, வாசலில் பச்சரிசி மாவில் கோலம் போட்டாள்.

“நாய்க்கு மாப்பிள்ளை பாக்கியா, வீட்டுக்கு ஆள் பாக்கியா?” என்று கேட்டுவிட்டு இருளம்மாள் முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

சுவரை மறைக்க என்ன செய்வது என்பதற்குச் சிவகாசி வழி காட்டியது. அச்சாபீஸ்களில் கலர் விலகிப்போன காலண்டர்த் தாள்களைக் கழிவாக எடைக்குப் போடுவார்கள். கம்பெனியில் பட்டாசுக் குழாய் சுற்றுகிற வேலை பார்க்கிற அவளுக்கு அது எங்கே கிடைக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு கட்டு வாங்கி வந்து விரித்தாள். நெற்றியில் வாய் இருக்கிற சாமிகளை ஒதுக்கி வைத்தாள். அருவி, பனிமலை, ரோஜாத் தோட்டம், கொழுகொழுவென்று ஒரு குழந்தை, இவையெல்லாம் கொஞ்சம் நிழலடித்தாலும் பார்க்க நன்றாகவே இருந்தன.

ஒட்டுவதற்குப் பசை. கம்பெனியில் மைதாவைக் காய்ச்சும்போது ஒரு பிடி துத்தம் போடுவார்கள். மயில் கழுத்து நிறத்தில் இருக்கிற நஞ்சு அது. போட்டால்தான் எலியும் பூச்சியும் பசைக்கு வராது, தாள் வருஷக்கணக்கில் விடாது. அவள் கை துத்தம் போட்டே பழகிய கை. ஆனால் கம்பெனி வாசலில் கிடந்த செவலை நாய் ஒன்று பசை வாளியை நக்கிவிட்டு, நீலமாக வாந்தி எடுத்து, வெயிலில் உதறி உதறிச் செத்ததை அவள் மறக்கவில்லை. வெறும் மைதாவையே காய்ச்சினாள். நல்ல வாசமாக இருந்தது. ஜமீன் சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது.

முன்னறைக் குழிக்கு மேல் பனிமலையை ஒட்டினாள். குழவி அன்றைக்கு அவள் தலையைத்தான் தேடி வந்தது. குனிந்ததால் சுவர் வாங்கிக்கொண்டது. ஜன்னலோரக் கீறல்களுக்கு ரோஜாத் தோட்டம். பழுப்புக் கறைக்கு மேல் குழந்தைப் படம். அதை ஒட்டும்போது அவள் கை நின்றுபோனது. அந்த இடத்தில் மண்டை மோதியபோது வயிற்றில் ஒரு கரு இருந்தது. மூன்றாம் மாதம். மண்டைக் காயம் ஆறியது, வயிறு ஆறவில்லை. குழந்தையின் கன்னத்தில் காற்றுக் குமிழ் எழும்பியிருந்தது. பெரிய குழாய் சுற்றுகிற முழ நீள இரும்புத் தடியை உருட்டி அதைத் தேய்த்துச் சமமாக்கினாள்.

உள்ளறைக் கதவுக்கு அருவிப் படத்தை வைத்திருந்தாள். அது இரண்டு தாள்களைச் சேர்த்து ஒட்ட வேண்டிய பெரிய படம். அதை ஒட்டிக்கொண்டிருந்த காலையில்தான் சங்கையா சைக்கிளில் வந்து, மத்தியானம் ஆள் வருகிறது என்றார். மல்லாங்கிணற்றுக்காரர், மொக்கைச்சாமி என்று பெயர், பக்கத்துப் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன், சம்சாரத்தையும் கூட்டி வருகிறார், பிடித்தால் இன்றைக்கே அட்வான்ஸ். இசைவாணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவசர அவசரமாக அருவியை ஒட்டி, தடியைக் கதவோரம் சாத்தி வைத்துவிட்டு, முகம் கழுவி, நல்ல சேலை உடுத்தினாள். ஜமீனுக்குச் சோறு வைக்கவேண்டும் என்பதே ஞாபகமில்லை.

மொக்கைச்சாமி கனத்த ஆள். அவருக்குப் பின்னால் அவர் மனைவி வள்ளித்தாய், தன் நிழல்கூட அவர்மேல் படாத தூரத்தில் நடந்து வந்தாள். செம்பருத்தியைப் பார்த்தாள், கோலத்தைப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, புருஷன் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவர் வீட்டைப் பார்த்த விதம் விநோதமாக இருந்தது. மூக்கைச் சுவரருகே கொண்டுபோய் உறிஞ்சினார். கூரைத் தளத்தை அண்ணாந்து பார்த்தார். எதற்காக இப்போது வெள்ளை அடித்தாய், எதற்குச் சுவர் முழுக்கப் படம் ஒட்டியிருக்கிறாய் என்று கேட்டார். பார்வைக்கு நன்றாக இருக்குமே என்றுதான் என்று சொன்னாள். ஏன் விற்கிறாய் என்று கேட்டார். சாத்தூரில் வேலை கிடைத்திருக்கிறது என்றாள். அவர் ம்ம் என்றார். அந்த ம்ம் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் பசித்த ஜமீன் உள்ளறைக் கதவருகே போய் அருவியின் அடியை நக்க ஆரம்பித்தது. காயாத பசை, துத்தம் போடாத பசை. நக்கியது, முனையைப் பல்லால் பிடித்தது, இழுத்தது. சங்கையா உஸ் உஸ் என்று விரட்டுவதற்குள் அருவி மேலிருந்து கீழ் வரை ஒரே வீச்சில் உரிந்து தரையில் விழுந்தது. கதவில் கோடரி வாய்கள் வரிசையாகத் திறந்து நின்றன.

மொக்கைச்சாமி முகம் இறுகிப்போனது. குத்தவைத்து உட்கார்ந்து கொத்துகளில் விரலை விட்டுத் தடவினார். விரலை முகர்ந்து பார்த்தார்.

“இது என்ன தாயி? எதை மறைக்க?” என்றார்.

இசைவாணி சொல்லத்தான் போனாள். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. ஜமீன் கட்டிலுக்கடியில் பாய்ந்தது. அதைப் பார்த்த பிறகு வருவது யார் என்று அவள் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

லாரிக்காரனோடு சண்டை போட்டு நடுவழியில் இறக்கிவிடப்பட்டவன், பஸ் பிடித்து வந்து, டீக்கடையில் வீட்டு விற்பனைச் செய்தியைக் கேட்டு, பக்கத்திலேயே குடித்துவிட்டு நேரே வந்திருக்கிறான். கையில் அரிவாள் இருந்தது. சங்கையா அவனைக் கண்டதும் கொல்லைப்புறமாகக் கழன்றுகொண்டார், சைக்கிளைக்கூட எடுக்கவில்லை. மொக்கைச்சாமியும் வள்ளித்தாயும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள்.

ராக்கப்பன் அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. வெள்ளைச் சுவரையும் படங்களையும் சுற்றிப் பார்த்தான். தான் இல்லாத வீடு இத்தனை அழகாக இருக்கிறதே என்பதுதான் அவனை வெறிபிடிக்க வைத்திருக்க வேண்டும்.

“ஏங்கிட்டக் கேக்காம வீட்டை விக்கியா நீ?” என்றவன் பனிமலையில் நகத்தைப் போட்டுக் கிழித்தான். குழி வெளியே வந்தது. ரோஜாத் தோட்டத்தை அரிவாள் நுனியால் உரித்தான். கீறல்கள் வெளியே வந்தன. குழந்தைப் படத்தைப் பிய்த்து இரண்டாகக் கிழித்துக் காலில் போட்டு மிதித்தான். ஒரு வாரம் உட்கார்ந்து அவள் மூடி வைத்ததையெல்லாம், செய்தவனே வந்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான்.

பிறகு அவள் பக்கம் திரும்பினான். கொண்டையைப் பிடித்துச் சுழற்றி, அதே அடுப்படி நிலையோரம், அதே பழுப்புக் கறைக்கு மேலேயே அவள் தலையை மோதினான். ஒருமுறை மோதியதும் கண்ணுக்குள் வெள்ளையாக ஒன்று வெடித்தது. இரண்டாம் முறை நெற்றி பிளந்து இரத்தம் கண்ணில் இறங்கியது. அவள் அலறினாள். பக்கத்து வீட்டில் டிவி சத்தம் கூடியது.

மூன்றாம் முறை மோதவில்லை. கட்டிலுக்கடியில் மூத்திரத்தில் கிடந்த நாய்க்கு அந்த நேரத்தில் என்ன வந்தது என்று தெரியவில்லை. வெளியே பாய்ந்து அவன் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. இந்தத் தடவை வேட்டியை அல்ல, சதையை. ராக்கப்பன் அவளை விட்டான். காலை உதறினான். ஜமீன் விடவில்லை. அரிவாள் பிடியால் அதன் முதுகில் இடித்தான், விலா எலும்பு முறிகிற சத்தம் கேட்டது, அப்போதும் விடவில்லை. அவன் அரிவாளைத் திருப்பிப் பிடித்து, நாயின் கழுத்தைக் குறிவைத்து ஓங்கினான்.

இசைவாணியின் கை பக்கத்து உள்ளறைக் கதவோரம் போனது. இரும்புத் தடி கைக்குப் பழக்கமான தடி. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் குழாய் சுற்றுகிற கை அது. எவ்வளவு அழுத்தம் எங்கே விழவேண்டும் என்று அதற்குத் தெரியும். ஓங்கிய அவன் கையின் மணிக்கட்டில் இறக்கினாள். விறகு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். அரிவாள் தரையில் விழுந்தது. அவன் நம்ப முடியாமல், தொங்குகிற தன் கையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அவன் மறுகையை நீட்டிக்கொண்டு வந்தபோது முழங்காலில் இன்னொரு அடி வைத்தாள். விழுந்தான். விழுந்தவன் தோளில் ஒன்று. அடிக்க அடிக்க அவளுக்கு இனித்தது. பொய் சொல்வானேன், கரும்பு மாதிரி இனித்தது. தலைக்கு ஓங்கியபோதுதான் ஜமீன் அவன் காலை விட்டுவிட்டு முனகியது. அந்த முனகலில் அவள் கை அப்படியே நின்றது. இல்லாவிட்டால் அன்றைக்கே கதை வேறுமாதிரி முடிந்திருக்கும்.

ராக்கப்பன் ஐயோ கொல்லுறாளே, கொல்லுறாளே என்று ஊளையிட்டான். தெருவே ஓடி வந்தது. இத்தனை வருஷமாக அவள் அலறியபோது ஒரு தாழ்ப்பாளைக்கூடத் திறக்காத தெரு அது. இருளம்மாள் முதல் ஆளாக உள்ளே நுழைந்து, கட்டின புருஷன் கையை ஒடித்துவிட்டாயே பாவி என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

“இத்தனை நாளும் ஒனக்குக் காது கேக்கலையேன்னு நெனச்சேன். நல்லாத்தான் கேக்கு” என்றாள் இசைவாணி. இருளம்மாள் கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். நாலு பேர் ராக்கப்பனைத் தூக்கி ஆட்டோவில் போட்டு விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். போலீஸ் வரும், வரட்டும் என்று அவள் தரையில் உட்கார்ந்தாள். ஜமீனின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அது மூச்சு விடும்போது விலாவில் கரகரவென்றது. ஆனால் மூச்சு விட்டது.

வீடு போனது என்றுதான் அவள் நினைத்தாள். மறைத்ததெல்லாம் வெளியே வந்து, மறைக்காத இரத்தமும் தரையில் கிடந்தது. இதையும் பார்த்துவிட்டு எவன் வாங்குவான்? அமாவாசை வரைக்கும் என்று போட்ட கணக்கு போனது, இனி அவன் கை கூடுகிற வரைக்கும்தான் அவளுக்கு அவகாசம்.

மொக்கைச்சாமி மட்டும் போகவில்லை. கூட்டம் கலைந்ததும் சுவர் சுவராக மறுபடி சுற்றினார். குழிக்குள் விரலை விட்டார், கீறல்களைச் சுரண்டினார், பழுப்புக் கறையைக்கூட முகர்ந்தார். கடைசியில் அவள் முன்னால் வந்து நின்றார்.

“இம்புட்டும் அவன் அடிச்சதுதானா தாயி? மருந்து வச்சு எதுவும் வெடிக்கலையே?”

அவளுக்கு முதலில் புரியவில்லை. எல்லாம் அவன் செய்ததுதான், வேறெதுவும் இல்லை என்றாள்.

மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பெருமூச்சு விட்டார். முகமே மலர்ந்துவிட்டது.

“அட, இம்புட்டுத்தானா. சுவரெல்லாம் புது வெள்ளையும் படமுமா இருக்கவும், திருட்டுத்தனமா மருந்து கலந்து வெடிச்ச வீடோன்னுல்ல பயந்துட்டேன். அப்படி வீட்டை எவன் வாங்குவான், போலீசு கேசுன்னு அலையணும். முன்ன ரெண்டு பேரு பாத்துட்டு ஓடுனதா ஊர்ல சொன்னாகளே, அவனுகளும் அதுக்குத்தான் ஓடியிருப்பானுக. இது புருசன் பொஞ்சாதி அடிச்சுக்கிட்டது. இது எந்த வீட்ல இல்ல? இதைப் போயி எதுக்கு மறைச்சே?”

இசைவாணி அவரையே பார்த்தாள். ஒரு வாரமாகக் கூனிக் குறுகி அவள் மூடிய எதுவும் வீட்டுக்குக் குறையே இல்லையாம். கருவைத் தின்ற சுவருக்கும் கோடரி தின்ற கதவுக்கும் ஒரு ரூபாய்கூட விலை குறையாதாம். அந்த மனிதரின் சிரித்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ராக்கப்பன்மேல் வந்ததைவிடப் பெரிய ஆத்திரம் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். விற்றாக வேண்டும்.

கதவு நல்ல தேக்கு, கொத்துகளை மக்கு வைத்து அடைத்து வார்னிஷ் அடித்தால் தெரியாது என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அட்வான்ஸை நாளைக் காலையிலேயே தருகிறேன், வெள்ளிக்கிழமை பத்திரம் எழுதிவிடலாம் என்றார். அவள் தலையாட்டினாள். மனையின் நீள அகலத்தைப் பார்க்க அவர் கொல்லைப்புறம் போனார். அவர் காலடி வைத்து அளக்கிற சத்தம் உள்ளே கேட்டது.

வள்ளித்தாய் அப்போதுதான் சுவரைவிட்டு நகர்ந்தாள். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாதவள். இந்த வீட்டில் குடியேறப் போகிறவள். கதவின் கொத்துகளை ஒருதடவை தடவிப் பார்த்தாள். கொல்லைப்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, இசைவாணியின் அருகில் வந்து குத்தவைத்தாள். தன் முந்தானையால் அவள் நெற்றி இரத்தத்தை ஒற்றி எடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“எங்கன அடிச்சே தங்கச்சி? மணிக்கட்டுக்கு மேலயா, கீழயா?”

இசைவாணி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, எலும்பு எங்கே மெலிதாக இருக்கிறது என்று விரலை அழுத்திக் காட்டினாள்.